உள்ளங்கை அளவு சூப்

எல்லாரும் சௌக்கியந்தானே? இங்கே பெங்களூரில் சாரல் பிடித்துக்கொண்டுவிட்டது. காயப்போட்ட துணி மறுநாளும் ஈரவாடை அடிக்கிறது. படியேறினால் முழங்கால் வாய்விட்டுப் பேசுகிறது. உங்கள் பக்கம் எப்படி? மூட்டுவலிக்காரர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறீர்களா? வீட்டில் சின்னதுகள் இருந்தால் மூக்கு ஒழுகாமல் இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறதா? கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. ஜோகுபாளையத்தில் சேஷகிரி வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆச்சரியம் அடங்க மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சேஷகிரி தளிகைக்காரர். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று இந்த ஊர் ஐயங்கார் வீடுகளில் எது நடந்தாலும் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் அவர்தான் நிற்பார். நெட்டையான உடம்பு, நெற்றியில் ஒற்றைக்கோடு, புகையில் சிவந்த கண். ஆயிரம் இலை என்றால் அசராதவர். ஆனால் சமைக்கிற எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுவதற்கு முன்னால், அதாவது சந்நிதியில் காட்டி நிவேதனம் ஆவதற்கு முன்னால், ஒரு பருக்கை நாக்கில் படக்கூடாது. மடைப்பள்ளியில் இருந்த அப்பா அப்படிப் பழக்கியிருந்தார். கொதி வரும்போது அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். "இன்னும் அரைப் பிடி உப்பு" என்பார். போட்டால் சரியாக இருக்கும். காப்பியையோ தண்ணீரையோ அந்த வீட்டில் யாரும் உதட்டில் வைத்துக் குடித்ததும் கிடையாது. அண்ணாந்து தூக்கி விட்டுக்கொள்வதுதான்.

"மூக்கால சாப்பிடற மனுசன்" என்று கீழ்வீட்டு ஓஸ்வால்ட் கேலி செய்வார். ஓஸ்வால்ட் மர்பி டவுன் பேண்டு ஒன்றில் டிரம்பெட் ஊதியவர். கல்யாணத்துக்கும் ஊதுவார், சாவுக்கும் ஊதுவார். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். கன்னம் மட்டும் இன்னும் ஊதின வாக்கிலேயே இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். மாடிப்படியின் கீழ்ப்படிதான் அவருக்கு வரவேற்பறை, சாப்பாட்டு மேஜை எல்லாம்.

சேஷகிரிக்கும் ஸ்னேஹாவுக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் ருக்கு. சேஷகிரியின் அம்மா பெயர். ஒன்றரை வயது. தலையில் மயிரை விட ஹேர்கிளிப் அதிகம். மழை ஆரம்பித்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து குடிக்க மாட்டேன் என்று திமிறினாள். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, பாலாடையால் வாயைத் திறந்து ஊற்றினார்கள். வேறு வழி தெரியவில்லை. காய்ச்சல் போய்விட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. முதலில் பாலாடையைக் கண்டால் உதட்டை இறுக்கினாள். பிறகு ஸ்பூனைக் கண்டால். பிறகு கிண்ணத்தோடு யார் வந்தாலும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் தாய்ப்பால், பகலில் இரண்டு வாய் தண்ணீர். அவ்வளவுதான் உள்ளே போனது. கொலுசு கணுக்காலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஸ்னேஹா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடையைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னாள். "மகு ஊட்டா மாடல்லா அந்த்ரெ கஷ்டம்மா. குழந்தை சாப்பிடலைன்னா எப்படி? திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள ஏதாவது சாப்பிட ஆரம்பிக்கணும். இல்லைன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட வேண்டி வரும். சிம்பிளா வெஜிடபிள் சூப் பண்ணிக் குடுங்க. காரம் வேண்டாம், உப்பு லேசா."

குழாய் என்றதும் ஸ்னேஹா ஆட்டோவில் வீடு வரும்வரை குழந்தையின் மூக்கை வருடிக்கொண்டே வந்தாள். சேஷகிரிதான் தேற்றினார்.

"சூப்புதானே. ரிசெப்ஷனுக்கு ரிசெப்ஷன் எண்ணூறு பேருக்கு வெக்கறேன். நம்மாத்துக் கொழந்தைக்கு ஒரு கிண்ணம் வெக்க மாட்டேனா."

"எண்ணூறு பேர் வேற, இவ வேற" என்றாள் ஸ்னேஹா.

வீட்டில் சேஷகிரியின் அக்கா மங்களமும் இருந்தாள். சந்தாபுராவில் மகனோடு இருப்பவள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஒரு பையோடு வந்து தங்கிவிட்டாள். மடி, ஆசாரம் எல்லாம் அவள் கையில்தான். சேஷகிரி வாங்கி வந்த பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு உருண்டன.

"எல்லாம் இங்கிலீஷ் காயா இருக்கேடா. பெருமாளுக்குக் காட்டுவாளோ இதையெல்லாம்?"

"டாக்டர் சொன்னதுக்கா."

"சரி போ. அவரும் பெங்களூருக்கு வந்து எத்தனையோ காலமாச்சு. பழகியிருக்கும்." சற்று யோசித்து, "சூப்புன்னா என்னடா பெரிசா, புளி போடாத சாத்தமுது" என்றாள். ரசத்துக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

அந்த வீட்டில் இருந்ததிலேயே சின்னப் பாத்திரம், பத்துப் பேருக்குத் திருக்கண்ணமுது, அதாவது பாயசம், வைக்கிற வெண்கல உருளி. சேஷகிரிக்குக் கை இறங்கவில்லை. ஒரு கேரட் போதும் என்று எடுத்தால் கூடவே நான்கு வந்தது. உப்பில் விரல் வைத்தால் பிடியாகத்தான் மூடியது. ரிசெப்ஷனில் செய்கிற மாதிரியே தக்காளி, கேரட் அரைத்து வடிகட்டி, சோளமாவு கரைத்துவிட்டு, மேலே மிளகுப்பொடி தூவி, பளபளவென்று சிவப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தார். சரியாக இருந்தது. உருளியைச் சந்நிதியில் வைத்துக் காட்டிவிட்டு எடுத்து வந்தார்.

ருக்குவை உயரமான நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டினார்கள். சேஷகிரி கிண்ணத்தோடு எதிரே. ஸ்னேஹா செல்போனில் பொம்மைப் படம் போட்டுக்கொண்டு ஒரு பக்கம். மங்களம் ஜன்னல் பக்கம் நின்று, "அதோ பாரு பஸ்ஸூ, அதோ பாரு காக்கா." மூன்று பேரும் அவள் உதட்டையே பார்த்தார்கள். ருக்கு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அர்த்தஜாமம் முடிந்து கோவில் நடை சாத்துவார்களே, அப்படி உதட்டைச் சாத்தினாள். ஸ்பூன் இடித்தது. சூப் கழுத்தில் வழிந்தது.

மீதி உருளியோடு என்ன செய்வது? கீழே போயிற்று. ஓஸ்வால்ட் டம்ளரில் வாங்கி, பாக்கெட் பிரெட்டைக் கிழித்து முக்கி, மழையைப் பார்த்தபடி சர்ரென்று உறிஞ்சினார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மேன் சேஷு. பாப்பா குடிச்சுதா?"

"இல்ல ஓஸ்வால்ட்."

"நல்லாதான் இருக்குது. கொஞ்சம் மிளகு தூக்கல். காய்ச்சல்ல அவளுக்கு வாய் புண்ணாயிருக்கும், ஆறிச்சோ என்னமோ."

சேஷகிரி மறுவேளை மிளகை விட்டார். சோளமாவையும் விட்டார். காயை வேகவைத்த தண்ணீரை மட்டும் மெல்லிய துணியில் வடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ருக்கு கண்ணாடியையும் துப்பினாள். பீட்ரூட் போட்டுக் கலர் காட்டினார். அது மங்களத்தின் மடிப் புடவையில் போய் உட்கார்ந்தது. "போடா, நன்னா ரங்கோலி போட்டுட்டா" என்று அவள் கிணற்றடி இல்லாத வீட்டில் பக்கெட்டைத் தேடிப் போனாள். ஒவ்வொரு தடவையும் உருளி கீழே இறங்கியது. ஓஸ்வால்டின் கன்னம் இன்னும் பளபளத்தது.

"உங்க வீட்ல பாப்பாக்கு உடம்பு சரியில்ல, எனக்குல்ல வெயிட் போடுது" என்றார். சொல்லிவிட்டுச் சேஷகிரியின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார். சிரிக்கிற முகமாக அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஸ்னேஹா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையை அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். குழந்தையின் போர்வை, இரண்டு கவுன், அவளுடைய ஆபீஸ் லேப்டாப். சேஷகிரிக்கு அன்று பசவனகுடியில் ஒரு நிச்சயதார்த்தம். வேறொருவரை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தார். மத்தியானம் பரங்கிக்காய் சூப் வைத்தார். அதுவும் கீழே போயிற்று.

சாயங்காலம் சாரல் விட்டிருந்தது. ருக்கு சிணுங்கிக்கொண்டே இருந்ததால் ஸ்னேஹா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். சேஷகிரி மேல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழ்ப்படியில் ஓஸ்வால்ட் பரங்கி சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் போல உதட்டை டம்ளர் விளிம்பில் வைத்து, ஊதி, உறிஞ்சி. கன்னம் உப்பியது. தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது. "ஹா" என்றார்.

ருக்கு சிணுங்குவதை நிறுத்தினாள்.

ஓஸ்வால்ட் இன்னொரு வாய் உறிஞ்சினார். ருக்கு முன்னால் குனிந்தாள். அவள் கண் டம்ளரிலிருந்து அவர் உதட்டுக்குப் போயிற்று, உதட்டிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. பிறகு, மேல்படியில் நின்ற சேஷகிரி தன் கண்ணால் பார்த்தார், அவளுடைய உதடும் குவிந்தது. ஊதுவது போல. ஒன்றுமில்லாத காற்றை உறிஞ்சுவது போல.

"ஸ்னேஹா, அசையாதே" என்றார் அடித்தொண்டையில்.

ருக்கு இரண்டு கையையும் நீட்டினாள். "தா" என்றாள். ஓஸ்வால்ட் பதறிப்போய் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தீந்துபோச்சே பாப்பா. தாத்தா மொத்தமும் குடிச்சிட்டனே. பாரு, காலி."

அவ்வளவுதான். ருக்கு அழுதாள். மருந்துக்கு அழுத அழுகை இல்லை அது. எனக்கு வேண்டும் என்கிற அழுகை. காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் குழந்தை ஒரு சாப்பாட்டுப் பொருளைக் கேட்டு அழுவது அதுதான் முதல் தடவை. மூன்று பெரியவர்களும் அந்த அழுகையைச் சங்கீதக் கச்சேரி கேட்கிற மாதிரி நின்று கேட்டார்கள்.

"உருளியில இருக்கா?" என்றாள் ஸ்னேஹா.

"வழிச்சு சாப்ட்டேன்மா. பிரெட்ல தொடச்சு. ஏசுவே, எனக்கு என்ன தெரியும்."

சேஷகிரி அதற்குள் இறங்கி வந்து காலி உருளியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி அடுப்படியில் வைத்துவிட்டார். கூடையில் பாதிப் பரங்கிக் கீற்று இருந்தது. ஒரு கேரட், நாலைந்து பீன்ஸ், ஒரு சின்ன உருளைக்கிழங்கு. பாசிப்பருப்பு ஒரு பிடி என்று எடுத்தவர், பாதியைத் திரும்ப டப்பாவில் போட்டார். தோல் சீவினார். விரல் நகம் அளவுக்கு நறுக்கினார். பருப்பும் காயும் ஒன்றாகக் குழைந்து வந்ததும் இறக்கி, மிக்ஸியைத் தொடாமல் மத்தாலேயே கடைந்தார். காய் அங்கங்கே சின்னச் சின்னத் துணுக்காகத் தெரியும்படி விட்டார். ஒரு சொட்டு நெய்யில் சீரகம் பொரிந்தது. உப்பு இரண்டு விரலுக்கு நடுவில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு. கூடத்தில் ருக்கு அழுதுகொண்டே இருந்தாள். போட்ட உப்பு சரிதானா என்று சேஷகிரி மறுபடியும் மறுபடியும் குனிந்து முகர்ந்தார். ஆயிரம் இலைக்கு அசராத மனிதர்.

ஸ்னேஹா பழக்கதோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிண்ணமும் ஸ்பூனும் வந்தது. ருக்கு ஸ்பூனைப் பார்த்தாள். அழுகை நின்றது. உதடு சாத்திக்கொண்டது.

"போச்சு" என்றாள் ஸ்னேஹா. அவள் கண் வாசல் பக்கம் இருந்த பைக்குப் போயிற்று.

"அதை எடுத்துண்டு போ. நாற்காலியையும் எடு" என்றார் சேஷகிரி. "நாம மூணு பேரும் வாயை மூடிண்டு அவ வாயையே பாத்துண்டு நிக்கறோம். அவ என்ன நெனப்பா? மருந்துன்னுதானே நெனப்பா? நாம சாப்ட்டு அவ பாத்திருக்காளா?"

ஸ்னேஹா யோசித்தாள். "அவ தூங்கினப்பறம்தானே சாப்டறோம்."

"அதுக்கு முன்னாடியும் பாத்திருக்க மாட்டா. நாம எங்க உதட்டுல வெச்சுக் குடிக்கறோம்?"

சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உருளி முன்னால். ஸ்னேஹா குழந்தையைக் கீழே விட்டாள். படியேறி வந்த ஓஸ்வால்ட் நிலைப்படிக்கு வெளியே நின்றார். ஆவி சேஷகிரியின் மூக்குக்கு வந்தது. மூக்கு, சரியாக இருக்கிறது என்று சொல்லியது. அது போதவில்லை. மங்களம் கூடத்து மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. இன்னும் சந்நிதியில் காட்டவில்லை.

"குடி மேன்" என்றார் ஓஸ்வால்ட் மெதுவாக. "அவ பாக்குறா."

சேஷகிரி கரண்டியால் மொண்டார். உருளியில் உதடு வைத்தால் எச்சில். கரண்டியில் வைத்தாலும் எச்சில். வலது உள்ளங்கையைக் குழித்து அதில் விட்டுக்கொண்டார். சனிக்கிழமை தோறும் பெருமாள் கோவிலில் தீர்த்தம் வாங்குவாரே, அதே குழிவு. கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்.

அப்படியே இருந்துவிட்டார்.

நினைத்துப் பாருங்கள். இந்த மனிதர் எத்தனை அண்டா சமைத்திருப்பார். கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியும் முடிந்து கடைசியாக அவர் இலை போட்டு உட்காரும்போது எல்லாம் ஆறி அவலாயிருக்கும். புகையே வயிற்றை நிரப்பியிருக்கும். இரண்டு கவளம் மோர் சாதத்தோடு எழுந்துவிடுவார். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு தன் கைச் சமையலை அவர் நாக்கு அறிந்ததே இல்லை. முதலில் பரங்கியின் தித்திப்பு வந்தது. சர்க்கரையின் தித்திப்பு இல்லை, காயே வெந்து கனிந்து விட்டுக்கொடுக்கிற தித்திப்பு. அதற்கடியில் கேரட்டின் மண்வாசம். பருப்பு நாக்கில் வெண்ணெயாக உட்கார்ந்தது. எல்லாம் போன பிறகு எங்கிருந்தோ ஒரு சீரகம் வந்து பல்லில் நசுங்கியது. மூக்கு இதில் பாதியைக்கூடச் சொன்னதில்லை.

"இப்படியா இருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஸ்னேஹா, இப்படியா இருக்கும்."

இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார். இந்தத் தடவை குழந்தைக்காக என்று சொல்ல முடியாது. அவருக்கே வேண்டியிருந்தது. சூடாற ஊதினார். கண்ணைத் திறந்தபோது ருக்கு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவருடைய தொண்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முகத்தை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

சின்ன நாக்கு. வெதுவெதுப்பாக, பூனைக்குட்டி நாக்கு மாதிரி. உள்ளங்கை ரேகையில் அது போய்ப் போய் வந்தது. தலை நிமிரவில்லை. ஹேர்கிளிப் மட்டும் ஆடியது. அவள் நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் மஞ்சளாக ஒரு பொட்டு.

"தா" என்றாள்.

சேஷகிரி விட்டார். குடித்தாள். ஒரு பீன்ஸ் துணுக்கை வாயிலிருந்து எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டாள். மறுபடியும் "தா". ஸ்னேஹா சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். நிலைப்படியில் ஓஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டார்.

விளக்கேற்றிவிட்டு மங்களம் வந்தாள். தம்பியின் ஈர உள்ளங்கையையும், மோவாயில் வழிந்திருந்த சூப்பையும், அடுப்படியை விட்டு நகராத உருளியையும் பார்த்தாள். அவளுக்குச் சொல்லவே வேண்டாம். சேஷகிரி சின்னப் பையன் மாதிரித் தலையைக் குனிந்தார்.

"அக்கா, இன்னும் கண்டருளப் பண்ணலை. அதுக்குள்ள நான் வாயில..."

ருக்கு அதற்குள் மணிக்கட்டை மறுபடி இழுத்துக் குனிந்துவிட்டாள். உறிஞ்சுகிற சத்தம், சர், சர் என்று, ஓஸ்வால்டிடம் படித்த சத்தம், அந்தச் சமையலறை முழுக்கக் கேட்டது. மங்களம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த ஆசாரமெல்லாம் ஒவ்வொன்றாக இறங்குவதை ஸ்னேஹா பார்த்தாளாம்.

"அதான் ஆயிண்டிருக்கேடா" என்றாள் மங்களம், ருக்குவின் குனிந்த தலையைக் காட்டி. "நான் பாத்துண்டுதானே நிக்கறேன்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். தீர்த்தத்துக்கு நீட்டுவது போலக் கையைக் குழித்து நீட்டினாள்.

"எனக்கும் விடு."

சேஷகிரி விட்டார். ஸ்னேஹா கை நீட்டினாள், அவளுக்கும். "எனக்கும் மேன்" என்று நிலைப்படிக்கு வெளியிலிருந்து இன்னொரு கை வந்தது. "மத்தியானம் ஒரு உருளி குடிச்சவன் நீ" என்று மங்களம் சொன்னாள். ஆனால், "உள்ள வா, அங்க என்ன நிக்கறே" என்றும் சொன்னாள். எல்லாரும் உறிஞ்சுவதைப் பார்த்து ருக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் கையையும் நீட்டினாள். அந்த உள்ளங்கையில் எவ்வளவு பிடிக்கும்? நாலு சொட்டு. நாலும் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. வெறும் கையை அவள் நக்கினாள், ருசியாகத்தான் இருந்தது போல.

திங்கட்கிழமை அந்தப் பை ஆட்டோவில் ஏறியது, பிரிக்காமல் திரும்பி வந்தது. எடை பெரிதாக ஏறவில்லை. ஆனால் ஸ்னேஹா அங்கேயே, கொண்டுபோன சூப்பைத் தன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் காட்டினாள். டாக்டரம்மா ருக்கு குடிப்பதைப் பார்த்துவிட்டு, குழாய் பேச்சை எடுக்கவில்லை. "கை சுத்தமா கழுவிக்குங்க" என்று மட்டும் சொன்னாள். கொலுசு இப்போது காலுக்கு வந்துவிட்டது.

சேஷகிரி கல்யாண வீடுகளில் இன்னும் மூக்கால்தான் உப்புப் பார்க்கிறார். அங்கே மாறவில்லை. சந்நிதிக்கும் மங்களம் வழக்கம்போலக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் சாயங்கால சூப் மட்டும் உருளியோடு தரைக்கு வந்துவிடுகிறது. முதல் உள்ளங்கை அப்பாவுக்கு. அவர் உறிஞ்சி, கண்ணை மூடி, "ஹா" என்று சொல்லாதவரை ருக்கு தொடமாட்டாள். அவருக்கும், தினம் அதே பரங்கி, அதே கேரட் என்றாலும், அந்தக் கண்ணை மூடுகிற நேரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டுகொண்டேதான் போகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி வாயைச் சாத்திக்கொண்ட ஒரு வாண்டு இருந்திருக்கும். அது எப்போது, எதைப் பார்த்து, யார் கையிலிருந்து வாயைத் திறந்தது? அதைக் கொஞ்சம் உட்கார்ந்து எழுதி அனுப்புங்கள். சூப்பில் என்ன போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். மழை நிற்கிற வழியாக இல்லை. படிக்க நிறைய நேரம் இருக்கிறது.